ராயபுரத்துப் பழைய மாணவர்கள்

பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள் பழைய மாணவர் சங்கம் வைத்துக்கொள்வது நமக்குத் தெரிந்த விஷயம். வருஷத்துக்கு ஒரு தடவை கூடுவார்கள். குரூப் போட்டோ, போண்டா, காபி. யாருக்குத் தலை நரைத்தது, யார் வீட்டில் பேரன் பிறந்தான், கணக்கு வாத்தியார் எப்படிக் காதைத் திருகினார் என்று பேசிவிட்டுக் கலைவார்கள். ஆராய்ச்சிக்கூடங்களில் வேலை பார்த்தவர்களுக்கும் இப்படிப்பட்ட சங்கங்கள் உண்டு. அங்கே காதைத் திருகிய கதைக்குப் பதிலாக, எந்தச் சோதனை எந்த வருஷம் பலித்தது, எது காலை வாரிவிட்டது என்று பேச்சு ஓடும்.

வடசென்னை ராயபுரத்தில் ஒரு நீரிழிவு ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. அதன் பழைய ஆட்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அவர்களில் இரண்டு வகை. ஒரு வகை, அங்கே வேலை கற்றுக்கொண்டு பிறகு வெளியே போய்த் தனித்தனியாகப் பெயர் வாங்கிய டாக்டர்களும் விஞ்ஞானிகளும். இன்னொரு வகை, அந்தக் காலத்துச் சர்க்கரை நோயாளிகள். இரண்டாவது வகைக்கு யாரும் குரூப் போட்டோ எடுப்பதில்லை. ஆனால் என்னைக் கேட்டால், பாடம் அதிகம் படித்தவர்கள் அவர்கள்தான்.

ராயபுரம் என்றதும் சிலருக்கு மீன் வாசனைதான் ஞாபகம் வரும். காசிமேடு பக்கத்தில் இருக்கிறதே, என்ன செய்ய! தென்னிந்தியாவிலேயே முதல் ரயில் 1856ல் இங்கிருந்துதான் புறப்பட்டது என்று சொன்னால் புருவத்தை உயர்த்துவார்கள். இந்தியாவில் சர்க்கரை வியாதிக்கென்று தனி வைத்தியம் பிறந்ததும் இந்தப் பக்கத்தில்தான் என்றால் இன்னும் ஆச்சரியப்படுவார்கள்.

இங்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரி என்று ஒன்று உண்டல்லவா? பெரியவர்கள் அதை ஸ்டான்லி என்று சொல்லவே மாட்டார்கள், கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782ல் பஞ்சம் வந்தபோது பசித்த ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. கவர்னர் ஸ்டான்லியின் பெயர் ஒட்டிக்கொண்டு, பிறகு மருத்துவக் கல்லூரி ஆனது 1938ல். அதற்குப் பத்து வருஷம் கழித்து, 1948ல், டாக்டர் எம். விஸ்வநாதன் அங்கே சர்க்கரை நோயாளிகளுக்கென்று தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். சாப்பாடு இல்லாமல் சாகக் கிடந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய இடத்தில், சாப்பிட்டது உடம்பில் சேராமல் தவிக்கிறவர்களுக்கு ஒரு வாசல் திறந்தது.

அந்தக் காலத்தில் டாக்டர்களே அவரைக் கேலி செய்திருந்தால்கூட ஆச்சரியமில்லை. சர்க்கரை வியாதி என்றால் பணக்காரர் வியாதி, கார் வைத்திருப்பவர் வியாதி என்பதுதான் பொதுவான எண்ணம். காலராவும் காசநோயும் அம்மையும் தலைவிரித்தாடிய ஊரில் இதற்கென்று ஒரு தனிப் பிரிவா? அவர் விடவில்லை. 1954ல் ராயபுரத்திலேயே எம்.வி. ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். 1970களின் தொடக்கத்தில் அதோடு ஆராய்ச்சி மையமும் வளர்ந்தது. அவரை இந்திய நீரிழிவு மருத்துவத்தின் தந்தை என்று இன்றைக்கு எழுதுகிறார்கள். மயிலாப்பூருக்கோ தியாகராய நகருக்கோ போயிருக்கலாம். போகாமல் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மூட்டை தூக்கியவர்களும் வலை பின்னியவர்களும் அச்சாபீஸ் ஆட்களும் நடந்து வரக்கூடிய தூரத்தில் ஒரு சிறப்பு மருத்துவமனை இருப்பது சாதாரணம் இல்லை.

அந்தக் காலத்து நோயாளிகளின் நினைவுகளைக் கேட்டால் பொழுது போவதே தெரியாது. எங்கள் பக்கத்துத் தெருவில் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். வயது 80 தாண்டிவிட்டது. நாற்பது வருஷத்துக்கு மேல் சர்க்கரை. அவர் மனைவியை எல்லாரும் ஆயா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சொன்னார்:

"அப்பல்லாம் விரல்ல குத்திப் பாக்குற மிஷின் ஏதும்மா? காலைல எழுந்ததும் முதல் வேலை, டியூப்ல நீல மருந்தை ஊத்தி, அவரோட நீர் எட்டு சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்குல கொதிக்க வைக்கிறதுதான். பச்சை வந்தா இட்லி நாலு. செங்கல் கலர் வந்தா ரெண்டு. அவ்ளோதான் எனக்குத் தெரிஞ்ச டாக்டர் படிப்பு."

அந்த நீல மருந்துக்குப் பெனடிக்ட் திரவம் என்று பெயர். 5 மில்லி திரவத்துக்கு 8 சொட்டு சிறுநீர். கொதித்த பிறகும் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் சிவப்பு வந்தால் நிறைய. இதில் ஒரு குறை உண்டு. இரத்தத்தில் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டினால்தான் பெரும்பாலானவர்களுக்குச் சிறுநீரில் வழியும். ஆக, டியூப் நிறம் மாறுவதற்கு முன்பே உள்ளே கெடுதல் ஆரம்பித்திருக்கும். ஆயா அந்தக் காலத்தில் பார்த்தது திருடன் வீட்டுக்குள் வந்து போன பிறகு கிடைத்த சேதி!

ஊசியும் அப்படித்தான். கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் தினம் தண்ணீரில் கொதிக்க வைக்க வேண்டும். ஊசி முனை மழுங்கினால் கல்லில் தேய்த்துக் கூர்மையாக்குவார்களாம். இன்சுலின் மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்தும் எடுத்தது. பிரிட்ஜ் ஏது? இரண்டு மண்பானை, நடுவே ஈர மணல், அதற்குள் இன்சுலின் புட்டி. இதை ஏழைகளின் சமாளிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். பானைக்குள் எவ்வளவு குளுமை நிற்கிறது என்று பல நாட்டுப் பானைகளை வைத்து 2016ல் ஆராய்ச்சியே செய்து பார்த்தார்கள். வெளியே கொளுத்தும் வெயிலில் புட்டியைக் காக்க அவை உதவும் என்றுதான் முடிவு வந்தது. கரண்ட் போகிற வீடுகளுக்கு இன்றைக்கும் பயன்படும் சங்கதி. பிரிட்ஜ் இருக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இன்சுலினைக் கதவுத் தட்டிலோ நடுத் தட்டிலோ வைக்க வேண்டும். உறைந்துபோன இன்சுலினை மறுபடி இளக்கிப் போடவே கூடாது, தூக்கி எறிய வேண்டியதுதான்.

இன்னொரு விஷயம், இதுவும் வீட்டில் ஊசி போடுகிற பெண்களுக்கு. நம் நாட்டில் புட்டியில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளது. அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. 100 யூனிட் மருந்துக்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. மருந்துக் கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டால் அளவு இரண்டரை மடங்கு ஏறவோ இறங்கவோ செய்யும். கடைக்காரர் முன்னாலேயே புட்டியையும் மூடியையும் ஒத்துப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம்.

இன்சுலின் கதையே ஒரு ஆராய்ச்சிக்கூடத்தின் கதைதான். கனடாவின் டொரண்டோ சர்வகலாசாலையில் 1921ல் பாண்டிங், பெஸ்ட் என்ற இரண்டு பேர் கோடையில் நாய்களை வைத்துச் சோதனை செய்தார்கள். மக்லியோட் அவர்களுக்கு இடம் கொடுத்தார், காலிப் மருந்தைச் சுத்தம் செய்தார். 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். முதல் தடவை சரியாக வரவில்லை. பன்னிரண்டு நாள் கழித்துச் சுத்தமான மருந்து போட்டதும் பிழைத்தான். அதே வருஷம் கோடையில் டெட்டி ரைடர் என்ற ஆறு வயதுகூட நிரம்பாத குழந்தை எலும்பும் தோலுமாக அங்கே வந்தது. மறு வருஷம் தன் கோணல் கையெழுத்தில் பாண்டிங்குக்கு, தான் குண்டாகிவிட்டதாகக் கடிதம் எழுதியது! அந்தக் குழந்தை 1993 வரை வாழ்ந்தது. கண்டுபிடித்தவர்கள் உரிமையை சர்வகலாசாலைக்கு ஆளுக்கு ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். இன்றைய இன்சுலின் விலையைப் பார்த்தால் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்களோ!

ராயபுரத்துக்கு வருவோம். இங்கே ஆராய்ச்சி என்றால் பெரிய பெரிய மிஷின் என்று நினைக்காதீர்கள். இவர்களுடைய ஆராய்ச்சியில் பாதி நம் சமையலறையைச் சுற்றித்தான் நடந்தது.

ஒரு காலத்தில் சர்க்கரை நோயாளி என்றால் சோற்றைக் கண்ணாலும் பார்க்கக்கூடாது என்று அனுப்பிவிடுவார்கள். மேல்நாட்டுப் புத்தகத்தில் மாவுச்சத்தைக் குறை, கொழுப்பைச் சாப்பிடு என்று போட்டிருந்தது. முட்டையும் வெண்ணெயும் வாங்க நம் ஜனங்களுக்கு எங்கே வசதி? விஸ்வநாதனும் அவருடன் இருந்தவர்களும், மாவுச்சத்து இருக்கட்டும், கூடவே நார்ச்சத்தை ஏற்றினால் என்ன ஆகிறது என்று பார்த்து 1980களின் தொடக்கத்தில் எழுதினார்கள். பருப்பு, கீரை, காய், முழுப் பயறு எல்லாம் தட்டில் கூடினால், அளவான சோற்றோடும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கலாம் என்ற வழி அது. சோற்றை விட முடியாமல் குற்றவாளி போலத் திருட்டுத்தனமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை!

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். இன்றைக்கும் பல வீடுகளில் ராத்திரி சோறு வேண்டாம், சப்பாத்தி போடு என்று ஒரு சட்டம் இருக்கிறது. சரி. ஆனால் ஐந்து சப்பாத்தியா? கோதுமையிலும் மாவுச்சத்து ஏறக்குறைய அரிசி அளவுக்குத்தான் இருக்கிறது. சப்பாத்திக்கு மாறியதில் லாபம் இருந்தால் அது அளவு குறைந்ததாலும் தொட்டுக்கொள்ளப் பருப்பும் காயும் வந்ததாலும்தான். கேழ்வரகும் அப்படியே. நம் பக்கத்தில் ஆடி மாசம் கூழ் ஊற்றுவோம், கேழ்வரகு சர்க்கரைக்கு நல்லது என்று இரண்டு சொம்பு குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நைஸாக அரைத்துக் கூழாக்கினால் கேழ்வரகும் சீக்கிரம் சர்க்கரையை ஏற்றும். அதே கேழ்வரகை முருங்கைக்கீரையும் வெங்காயமும் நிறையப் போட்டு அடையாகத் தட்டினால் கொஞ்சம் பரவாயில்லை.

இந்தக் கூடத்தின் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஒரு பெண்ணின் பெயர் வருஷக்கணக்காக வந்துகொண்டே இருக்கும். சி. சினேகலதா. உயிர் வேதியியல் நிபுணர். இரத்த மாதிரிகளை அளந்து கணக்குப் பார்க்கிற சோதனைக்கூட வேலை அவருடையது. பெரிய டாக்டர்கள் பெயர் பேப்பரில் வருகிறது, அளந்து கொடுத்தவர் பெயர் யாருக்கும் தெரிவதில்லை. நம் பத்திரிகையிலாவது வரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

1985ல் இந்தக் குழு ஒரு விஷயத்தை வெளியிட்டது. அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் சர்க்கரை இருந்தால் பிள்ளைகளில் மிகப் பலருக்கு அது வருகிறது என்று. சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற நமக்கு இது முக்கியம். அதற்காகச் சம்பந்தத்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் 25 வயதிலேயே ஒரு தடவை சோதித்துக்கொள்ளட்டும்.

1992ல் ஏ. ராமச்சந்திரன், சினேகலதா, விஸ்வநாதன் முதலியோர் பட்டணத்தையும் கிராமத்தையும் ஒப்பிட்டார்கள். சென்னையில் 100க்கு 8.2 பேருக்கு நீரிழிவு, கிராமத்தில் 2.4 பேருக்கு. ஒரே ஜனங்கள், ஒரே சாம்பார், ஒரே ரசம். வித்தியாசம் உடம்பு வேலையிலும் உடம்பு எடையிலும் இருந்தது. பிறகு 2000ல் ஆறு பெரிய நகரங்களில் எடுத்த கணக்கில் சென்னை 13.5 ஆகிவிட்டது. ஒரு தலைமுறைகூட ஆகவில்லை!

வெளியே போனவர்களைச் சொல்கிறேன் என்றேனே. விஸ்வநாதனின் மகன் வி. மோகன், டாக்டருக்குப் படிக்கிற மாணவனாக இருந்தபோதே அப்பாவோடு ராயபுரத்தில் சேர்ந்தவர். கண் விழித்திரை நிபுணரான மனைவி ரேமாவுடன் சேர்ந்து 1991ல் தனியாக மையம் ஆரம்பித்தார். ரேமா 2011ல் காலமாகிவிட்டார். மோகனுக்கு 2012ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ராமச்சந்திரனும் பிற்பாடு எழும்பூரில் தனி நிறுவனம் நடத்தினார். ராயபுரத்து ஆஸ்பத்திரியை விஜய் விஸ்வநாதன் கவனித்துக்கொள்கிறார். சென்னையில் சர்க்கரைக்கு எந்தப் பெரிய இடத்துக்குப் போனாலும் கொஞ்சம் கிளறினால் வேர் ராயபுரத்தில் வந்து முட்டும். பெரிய கூட்டுக்குடும்பம் பிரிந்து தனித்தனி அடுப்பு வைத்த மாதிரிதான். குழம்பின் ருசி மட்டும் ஒன்று போலவே இருக்கும்.

இந்தத் தனி அடுப்புகளில் என்னென்ன சமைத்தார்கள்?

எனக்கு மிகவும் பிடித்தது ராமச்சந்திரன் குழு ராயபுரத்தில் இருந்தபோது நடத்தி 2006ல் வெளியிட்ட சோதனை. இன்னும் சர்க்கரை வரவில்லை, ஆனால் எல்லையில் நிற்கிறார்கள் என்ற நிலையில் உள்ள 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். அலுவலகங்களில் வேலை பார்க்கிறவர்கள், அவர்கள் குடும்பத்தினர். நாலு பிரிவு. ஒரு பிரிவுக்கு வழக்கமான புத்திமதி மட்டும். இரண்டாவது பிரிவுக்கு நடையும் சாப்பாட்டு மாற்றமும். மூன்றாவதற்கு மெட்பார்மின் மாத்திரை, குறைந்த அளவில். நாலாவதற்கு இரண்டும். மூன்று வருஷத்தில் முதல் பிரிவில் 100க்கு 55 பேருக்கு வியாதி வந்துவிட்டது. நடந்தவர்களில் 39 பேருக்குத்தான். மாத்திரைப் பிரிவில் 40. இரண்டும் சேர்த்தவர்களில் அதே 39. மாத்திரையும் நடையும் சேர்ந்தால் இரட்டை லாபம் வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள், வரவில்லை. அதாவது தினம் அரைமணி நேரம் விறுவிறுவென்று நடப்பது மாத்திரைக்குச் சமமாக வேலை செய்தது. உடம்பு எடை பெரிதாகக் குறையாமலே இந்தப் பலன் கிடைத்ததும் கவனிக்க வேண்டியது. நடக்கிறேன், எடை குறையவில்லையே என்று ஒரு மாசத்தில் விட்டுவிடுகிறவர்கள் இதைப் படியுங்கள்.

அந்த 531 பேரில் பெண்கள் எத்தனை தெரியுமா? 110. நமக்கென்று ஒரு சோதனை என்றால் சமையல் இருக்கிறது, பிள்ளைக்குப் பரீட்சை, மாமியாருக்கு மூட்டுவலி என்று ஏதாவது ஒரு காரணம் வந்துவிடுகிறதே! வீட்டு வேலையே நடைதானே என்று கேட்பீர்கள். அடுப்படிக்கும் குழாயடிக்கும் நூறு தடவை போவது களைப்புத்தான் தரும். மூச்சு கொஞ்சம் வாங்குகிற மாதிரி தொடர்ந்து நடந்தால்தான் தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

2013ல் இதே ராமச்சந்திரன், எல்லையில் நின்ற 537 ஆண்களில் பாதிப் பேருக்குக் கைபேசியில் அடிக்கடி குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தார். நட, அளவாகச் சாப்பிடு என்கிற மாதிரி. இரண்டு வருஷத்தில் சேதி வந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு நோய், வராதவர்களில் 27. நாம் வாய் வலிக்கச் சொன்னால் கேட்காத ஆண்பிள்ளைகள் கைபேசி சொன்னால் கேட்கிறார்கள்! சிரிப்பதா அழுவதா?

மோகன் குழு அரிசியைப் பிடித்துக்கொண்டது. எடை கூடியவர்களுக்குப் பட்டை தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு கொடுத்தும், தவிடு நீக்காத அரிசிச் சோறு கொடுத்தும் நாள் முழுக்கச் சர்க்கரையை அளந்தார்கள். தவிட்டரிசியில் சர்க்கரை ஏறுவது சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆனால் சென்னை ஜனங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டபோது நிறம் சரியில்லை, மெல்ல நேரமாகிறது, வேக நேரமாகிறது என்றார்கள். நம் வீட்டு முணுமுணுப்பு அப்படியே ஆராய்ச்சிக் கட்டுரையில் ஏறிவிட்டது. அதன்பின் வெள்ளையாகவே இருந்து நார்ச்சத்து கூடிய அரிசி ரகத்தைத் தேடிப் போனார்கள். தவிட்டரிசி வாங்கினால் முதல் நாள் ராத்திரியே ஊறப் போடுங்கள், காலையில் சிரமம் இராது.

2023ல் இவர்கள் மாநிலம் மாநிலமாக எடுத்த கணக்கு வந்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை. எல்லையில் 13.6 கோடிப் பேர்.

ராயபுரத்தில் இன்னொரு வேலை நடக்கிறது, கால் வேலை. இதைத்தான் நான் விரிவாக எழுத ஆசைப்படுகிறேன். கால் எடுத்த சர்க்கரை நோயாளிகளை நம் பகுதியில் எல்லாருக்கும் தெரியும். ஒரு வீட்டில் சம்பாதிக்கிறவருக்குக் கால் போனால் அந்த வீட்டுப் பெண் எங்காவது வேலைக்கு ஓட வேண்டும், பெரிய பெண்ணின் படிப்பு நிற்கும். வியாதி ஒருவருக்கு, முடம் குடும்பத்துக்கு.

பல வருஷம் சர்க்கரை கூடுதலாக இருந்தால் பாதத்து நரம்புகள் மரத்துப் போகின்றன. ஆணி குத்தினாலும் தெரியாது. செருப்பு காலை விட்டுக் கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடப்பவர்கள் உண்டு. ராத்திரி எலி கடித்து, காலையில் பாயில் இரத்தத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். மத்தியான வெயிலில் கோயில் பிரகாரத்தைச் சுற்றிவிட்டுக் கொப்புளத்தோடு வருகிறவர்கள் உண்டு. திருவொற்றியூர் கோயிலுக்குப் போகிறவர்கள் காலை ஏழு மணிக்கே போய்வாருங்கள், தியாகராஜர் கோபித்துக்கொள்ள மாட்டார். வலி இல்லாததால் புண்ணை யாரும் மதிப்பதில்லை. சீழ் எலும்புக்குப் போன பிறகு ஓடுகிறார்கள்.

விஜய் விஸ்வநாதனின் குழு 2005ல் எழுதியதில் சாரம் இதுதான்: காலைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று சொல்லிக்கொடுத்து, அதன்படி நடந்தவர்களுக்குப் புண் அதிகமாக ஆறியது, வெட்டிச் சிகிச்சை செய்ய வேண்டிய அவசியம் குறைந்தது. சரியான செருப்பின் அடிப்பட்டை பற்றியும் அவர்கள் சோதித்திருக்கிறார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று கடையில் கேட்டிருப்பீர்கள். நுண்ணிய காற்றறைகள் கொண்ட ரப்பர். முதலில் வேலூர்ப் பக்கம் தொழுநோயாளிகளின் மரத்த கால்களுக்காகப் பழக்கத்துக்கு வந்தது. அதே செருப்பு இப்போது சர்க்கரைக்காரர் காலைக் காக்கிறது. பின்னால் வார் இருக்க வேண்டும், கட்டைவிரல் பிடி இருக்கக்கூடாது.

வீட்டில் நாம் செய்யக்கூடியது ரொம்பச் சுலபம். ராத்திரி படுக்கும் முன் அவரை உட்காரவைத்து, பாதத்தின் அடியையும் விரல் இடுக்குகளையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குனிய முடியாவிட்டால் தரையில் முகம் பார்க்கும் கண்ணாடி. வெந்நீரில் கால் வைக்கும் முன் நம் முழங்கையால் சூடு பார்க்க வேண்டும். விரல் இடுக்கில் எண்ணெய் வேண்டாம், ஈரமும் நிற்கக்கூடாது. கால் ஆணியைப் பிளேடால் சீவுகிற வேலையே வேண்டாம். செருப்புப் போடும் முன் கவிழ்த்துத் தட்ட வேண்டும், உள்ளே கல்லோ ஆணி முனையோ இருக்கும். இது புருஷனுக்குச் செய்யும் பாதபூஜை என்று மருமகள்கள் சிரித்தால் சிரிக்கட்டும். நமக்குச் சர்க்கரை இருந்தால் நம் காலையும் யாராவது பார்க்க வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

காசநோய் பற்றியும் ஒரு வார்த்தை. 2012ல் இதே குழு தமிழ்நாட்டில் காசநோய் சிகிச்சைக்கு வந்தவர்களைச் சோதித்தபோது நாலில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இன்னொரு நாலில் ஒருவர் எல்லையில். சர்க்கரை கூடினால் உடம்பின் எதிர்ப்பு சக்தி குறைந்து பழைய கிருமி தலை தூக்கும். நெரிசலான குடியிருப்புகள் உள்ள வடசென்னையில் இரண்டு வாரம் விடாமல் இருமல் இருக்கிற சர்க்கரைக்காரர் சளியைச் சோதிக்காமல் இருக்கக் கூடாது. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் திடீரென்று நடுங்கி, வியர்த்து, உளறினால் அது வேறு கதை, சர்க்கரை இறங்கிவிட்டது. நினைவு இருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள், கால் மணி கழித்தும் சரியாகாவிட்டால் இன்னொரு தடவை. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இளம் தாய்மார்களுக்கு என்று கடைசியாக வைத்திருந்தேன். புனாவில் டாக்டர் யாஜ்னிக் என்பவர் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நம் குழந்தைகள் எடை குறைவு, ஆனால் உடம்பில் கொழுப்பின் பங்கு அப்படிக் குறையவில்லை. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. கஞ்சித்தொட்டிக் காலத்துப் பட்டினியின் சுவடு இன்னும் நம் உடம்பில் இருக்கிறதோ என்று தோன்றும். கர்ப்பத்தில் தாய்க்குச் சர்க்கரை ஏறினால் பிரசவம் கஷ்டம், பிறகு தாய்க்கும் பிள்ளைக்கும் அந்த வியாதி வரும் வாய்ப்பும் கூடுகிறது. இதை நம் ஊரில் ஓயாமல் சொன்னவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுத் துறையைத் தொடங்கிய டாக்டர் வி. சேஷையா. அவர் பிறந்த நாளான மார்ச் 10ஐக் கர்ப்பகால நீரிழிவு நாளாக நாட்டில் கொண்டாடுகிறார்கள். 2007ல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையைத் தமிழ்நாடு அரசு கட்டாயமாக்கியது.

சோதனை சிரமமில்லை. வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை, சாப்பிட்டிருந்தாலும் சரி. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். குமட்டினால் ஒரே மூச்சில் குடிக்காமல் ஐந்து நிமிஷத்தில் மெல்லக் குடிக்கலாம். இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு தடவை இரத்தம் எடுப்பார்கள். 140ம் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டும். முதல் தடவை சரியாக இருந்தாலும் 24 வாரத்துக்குப் பிறகு மறுபடி ஒரு தடவை பார்ப்பார்கள், வேண்டாம் என்று வந்துவிடாதீர்கள். பிரசவம் முடிந்து ஆறு வாரம் கழித்து இன்னொரு தடவை. இந்தக் கடைசிச் சோதனையைத்தான் பெரும்பாலான பெண்கள் விட்டுவிடுகிறார்கள், கையில் குழந்தை இருக்கிறதே! அம்மாவையோ நாத்தனாரையோ துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும், கூடவே ஒரு பாட்டில் தண்ணீரும் பின்னுவதற்கு நூலும் எடுத்துக்கொள்ளுங்கள்.